நீதிபோதனை பீரியடில் என்ன நடக்கிறது?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில் ‘மறைக்கல்வி / நீதிபோதனை’ என்று போட்டிருக்கும். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். அங்கே சிஸ்டரோ ஒரு கத்தோலிக்க ஆசிரியரோ மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்க மதப் பாடம், எடுப்பார். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு நீதிபோதனை: பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி, பிளாஸ்டிக்கைத் தவிர். புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை எந்த அறைக்குப் போவது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாநகராட்சிப் பள்ளியிலும் அட்டவணையில் நீதிபோதனை உண்டு. ஆனால் அந்த நேரத்துக்குக் கணக்கு சார் உள்ளே வந்து, ‘போர்ஷன் முடிக்கணும், நோட்டை எடுங்க’ என்பார்.

இந்தப் பிள்ளைகளுக்கு மதம் தெரியாது என்று சொல்ல முடியாது. மண்ணடிப் பையன் காலையிலேயே மதரஸாவில் ஓதிவிட்டு வருகிறான். காசிமேட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே மறைக்கல்வி வகுப்பில் உட்காருகிறாள். கொருக்குப்பேட்டை பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைக்கு சண்டே ஸ்கூல், மே மாதம் வந்தால் வி.பி.எஸ். என்னும் விடுமுறை பைபிள் வகுப்பு. சவுகார்பேட்டை ஜைனக் குடும்பங்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். இந்துப் பிள்ளைக்கு முறையான வகுப்பு என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. ஆடிக் கூழ், மார்கழி பஜனை, பாட்டி சொன்ன கதை, யூடியூப், அவ்வளவுதான். ஆக, தன் வீட்டுச் சாமியைப் பற்றி ஏதோ ஒரு வழியில் எல்லோருக்கும் கொஞ்சம் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் சாமியைப் பற்றித்தான் தெரிவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடும் பிள்ளைகள் இவர்கள்.

உயர்நிலை வகுப்பில் மதத்தைச் சொல்லித்தர வேண்டும் என்றால் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பாமல் ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. வேண்டிய சரக்கில் பாதி பாடப்புத்தகத்திலேயே கிடக்கிறது. பிறகு ஏன் நடப்பதில்லை என்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதலில் சட்டம், ஏனென்றால் ஆசிரியர் அறையிலேயே இதில் குழப்பம் அதிகம். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு பள்ளிகளை வகை பிரித்துப் பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடவே கூடாது. மாநகராட்சிப் பள்ளியும் அரசு மேல்நிலைப் பள்ளியும் இதில் வரும். அரசு நிர்வகித்தாலும், மதபோதனை வேண்டும் என்று நிபந்தனை வைத்த அறக்கட்டளையால் நிறுவப்பட்ட பள்ளி என்றால் அந்தத் தடை இல்லை. மூன்றாவது வகைதான் வடசென்னையில் தடுக்கி விழும் இடமெல்லாம் இருப்பது: அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவிபெறும் தனியார் பள்ளி. இங்கே மதபோதனை நடக்கலாம், வழிபாடும் நடக்கலாம். ஆனால் யாரையும் அதில் கலந்துகொள் என்று கட்டாயப்படுத்த முடியாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தரும் 30ஆவது பிரிவு இந்த நிபந்தனையை அழித்துவிடவில்லை.

சம்மதம் என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஜூன் மாத அட்மிஷன் நெரிசலில், கையெழுத்து போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வரும் அம்மாவின் கையெழுத்துதான் அது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பள்ளி ஏமாற்றுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பள்ளியில் இடம் கிடைத்த நிம்மதியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பிரிவை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்த சம்மதம் இதுவாக இருக்காது.

இந்தப் பிரிவு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் சொன்ன காரணங்களை ஒவ்வொரு தலைமையாசிரியரும் படித்திருக்க வேண்டும். ஒரு மதத்தை வளர்க்க எல்லோரிடமும் வரி வாங்க முடியாது என்று சொல்லும் சட்டம், அந்தப் பணத்தில் மதம் போதிப்பதை அனுமதிக்க முடியாது என்பது முதலாவது. ஒரே வட்டாரத்தில் இத்தனை மதம், இத்தனை பிரிவு இருக்கும்போது எதைப் போதிப்பது என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் கசப்பானது: ஒவ்வொரு மதமும் தன் வழியே சரியான வழி என்று சொல்வதால், வகுப்பறையில் அதைக் கொண்டுவந்தால் சண்டைதான் மிஞ்சும் என்றார். அதே விவாதத்தில் இன்னொன்றையும் தெளிவாக்கினார்: மதபோதனை வேறு, மதத்தைப் பற்றிய ஆய்வும் படிப்பும் வேறு.

அந்தக் கடைசி வாக்கியம் பிறகு நீதிமன்றத்திலும் நிலைத்தது. 1971இல் பஞ்சாப் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்க்கையையும் கருத்துகளையும் கல்வி நோக்கில் படிப்பதை மதபோதனை என்று சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2002இல் அருணா ராய் வழக்கிலும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பது 28ஆவது பிரிவுக்கு முரண் அல்ல என்றே தீர்ப்பு வந்தது. இடையில் கமிட்டிகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னன. முன்பு சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்ரீபிரகாசா தலைமையில் 1959இல் அமைத்த குழு, இடைநிலை வகுப்புகளில் உலகப் பெருமதங்களின் அடிப்படைக் கருத்துகளைச் சமூக அறிவியலோடும் வரலாற்றோடும் சேர்த்துப் படிக்கலாம் என்றது. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் கமிஷனும் போதனையையும் மதங்களைப் பற்றிய கல்வியையும் பிரித்து, இரண்டாவதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. ஆக மாநகராட்சிப் பள்ளியில்கூட, ரமலான் நோன்பு என்றால் என்ன என்று பாடம் எடுப்பது தாராளமாகச் சட்டத்துக்கு உட்பட்டது. ‘எல்லோரும் நோன்பு வையுங்கள்’ என்றால்தான் தப்பு.

சண்டை நம் ஊரில் புதிது இல்லை. பார்க்கப்போனால் இந்த நாட்டில் பள்ளியும் மதமும் முட்டிக்கொண்ட ஆரம்ப இடங்களில் ஒன்று இன்றைய பாரிமுனைதான். 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் அன்றைய கறுப்பர் நகரத்தின் அரண்மனைக்காரன் தெருவில் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அது. ஆங்கிலம் கிடைக்கிறதே என்று வசதியான இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. கூடவே பைபிளும் வந்தது. 1841இல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் நகரமே கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்த, வகுப்புகள் வெறிச்சோடின. அடுத்த ஆண்டே, 1842இல், பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தில் அதே கறுப்பர் நகரத்தில் ஒரு பள்ளி திறந்தது. பைபிள் இல்லாமலும் ஆங்கிலம் கற்க ஓர் இடம்.

1846இல் ஆளுநர் ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளியிலேயே பைபிளைப் பாடநூலாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று எதிர்ப்பைத் திரட்டினார். நகர மக்கள் மனு எழுதினார்கள். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் யோசனையை நிராகரித்துவிட்டார்கள். 1854இல் கம்பெனியின் கல்விக் கொள்கையாக வந்த உட் அறிக்கை, அரசுப் பள்ளியில் மதம் கிடையாது, மிஷன் பள்ளிக்கு மானியம் உண்டு என்று ஏறக்குறைய இன்றைய ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ‘அவர்கள் சொல்லித்தருகிறார்களே, நாம் ஏன் கூடாது’ என்ற கேள்வி ஓயவில்லை. 1889இல் சவுகார்பேட்டையில் இந்து தியலாஜிகல் பள்ளி தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான். இந்து மதபோதனையோடு கூடிய நவீனப் பள்ளி வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் தமிழ் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தவர். சென்னையிலும் அச்சகம் வைத்திருந்தார், நம் தங்கசாலையில். சைவப் பிள்ளைகளுக்கு சைவம் சொல்லித்தர அவர் எழுதியது சைவ வினாவிடை. கேள்வி, அதற்கு ஒரே ஒரு பதில், மனப்பாடம்: கிறிஸ்தவர்களின் ஞானோபதேசப் புத்தகத்தின் அச்சு அசல் வடிவம். மிஷனரியை எதிர்க்க மிஷனரியின் ஆயுதத்தையே எடுத்தார். தவறு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, எந்த மதமாக இருந்தாலும், மத வகுப்பு என்றால் வினாவிடை என்றே நம் புத்தியில் பதிந்துவிட்டது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சரி. பாட்டு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போகும்.

பதினான்கு வயதில் கதை வேறு. அந்த வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வி எந்த வினாவிடைப் புத்தகத்திலும் இருக்காது. ‘சிஸ்டர், ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன எங்க தாத்தா எங்க போயிருப்பார்?’ இது மதம் மாறிய குடும்பத்துப் பெண் கேட்பது. ‘மிஸ், அந்த மூணு நாள் நான் கோயிலுக்குப் போகக்கூடாதுங்கறாங்க, அவ மட்டும் சர்ச்சுக்குப் போறாளே?’ ‘சார், எல்லாரும் கடவுளோட பிள்ளைங்கன்னா எங்க ஊரு கல்லறையில ஏன் நடுவுல சுவர்?’ இந்த மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர் பெரும்பாலும் சொல்லும் பதில், ‘உக்காரு, பாடத்தைப் பார்.’

அப்புறம் இன்னொரு பிள்ளை இருக்கிறது, எந்த அறைக்குப் போவது என்றே தெரியாத பிள்ளை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூரும், சிவப்புக் கொடியும் கறுப்புச் சட்டையும் ஊறிய வியாசர்பாடியும் இந்த ஊர்தானே? அப்பா சாமியே கும்பிடாத வீட்டுப் பையன் உண்டு. அம்பேத்கர் வழியில் பௌத்தம் ஏற்ற வீடு உண்டு. பிரிக்கும் ஏற்பாட்டில் இவர்கள் எல்லோரும் ‘மற்றவர்கள்’ என்ற கணக்கில் போய்விடுகிறார்கள். கடவுளை ஏற்காத குடும்பத்துக்கும் ஒரு வாழ்க்கைப் பார்வை இருக்கிறது, அதையும் வகுப்பில் பேச வேண்டும் என்ற எண்ணம்கூட நமக்கு வருவதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்காக 1975இல் வந்த மதக்கல்விப் பாடத்திட்டம் மதங்களோடு கம்யூனிசத்தையும் சேர்த்துக்கொண்டது. அங்கே பெரிய ரகளையே நடந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான்.

சேர்த்து உட்காரவைப்பதிலும் ஒரு படுகுழி உண்டு. ‘எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது’ என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவது. கேட்க நன்றாக இருக்கும், ஆண்டு விழா மேடைக்குப் பொருந்தும். வகுப்பில் இந்த வாக்கியம் வந்த நிமிடமே பேச்சு செத்துவிடும். ஏனென்றால் பிள்ளைகளுக்கு அது உண்மை இல்லை என்று தெரியும். இறைவனுக்கு இணை வைக்கக் கூடாது என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அடுத்த தெரு அம்மனுக்கு எத்தனை அவதாரம் என்று எண்ண முடியாது. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரே இல்லை. மறுபிறவி உண்டு என்பவரும், செத்தபின் ஒரே தீர்ப்பு என்பவரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். இந்த வித்தியாசங்களை மறைக்காமல் மேசை மேல் வைத்து, அதற்குப் பிறகும் ஒன்றாகச் சாப்பிடப் போக முடியும் என்று காட்டுவதுதான் இந்த வகுப்பின் வேலை.

சரி, எதை வைத்துச் சொல்லித்தருவது? பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, தமிழ்நாட்டில் மதங்களைப் பற்றிய நல்ல பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் தமிழ் வகுப்பில். 2018, 2019இல் வந்த புதிய புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புத் தமிழில் பெரியபுராணம், மணிமேகலை, நாச்சியார் திருமொழி, சீவக சிந்தாமணி என்று சைவம், பௌத்தம், வைணவம், சமணம் வரிசையாக வந்துவிடுகின்றன. ஒரே இயலில் பெரியாரின் சிந்தனைகளும் தாவோ தே ஜிங்கும் யசோதர காவியமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இப்படி ஒரு கூட்டணியை வேறு எந்த மாநிலப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பதினோராம் வகுப்பில் சீறாப்புராணம், பன்னிரண்டில் இரட்சணிய யாத்திரிகம். சமூக அறிவியலில் ஒன்பதாம் வகுப்பிலேயே கன்பூசியஸ், ஜொராஸ்டர், மகாவீரர், புத்தர். பத்தாம் வகுப்பில் ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரும், வைகுண்டரும், அயோத்திதாசரும். திருக்குறளில் அறத்துப்பாலும் பொருட்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை பரவிக் கிடக்கின்றன, 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகு.

இதையெல்லாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். பத்தாம் வகுப்பில் தேம்பாவணிப் பாடம் வருகிறது. தாய் எலிசபெத் இறந்துபோக, கருணையன் கதறுகிறான். காடு, பூ, தேன், துளி மழை இன்றி வாடும் பயிர் என்று உவமைகள். வகுப்பில் இலக்கணக் குறிப்பு எழுதுவோம், பகுபத உறுப்பிலக்கணம் பிரிப்போம், நெடுவினாவுக்குக் குறித்துக்கொள்ளச் சொல்வோம். மணி அடித்துவிடும்.

அந்தக் கருணையன் யார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ராயபுரம் கத்தோலிக்கப் பிள்ளைக்குக்கூட உடனே தெரியாது. அவர்தான் உங்கள் திருமுழுக்கு யோவான் என்றால் நிமிர்ந்து உட்காரும். சி.எஸ்.ஐ. பிள்ளை ‘யோவான்ஸ்நானனா சார்?’ என்று கேட்கும். முஸ்லிம் பிள்ளையிடம், சக்கரிய்யா நபியின் மகன் என்று அடியெடுத்துக் கொடுத்தால் போதும், ‘யஹ்யா நபி!’ என்று பதில் வரும். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒருவரை இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சங்கத்தமிழ் வாசனையோடு காட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார். இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. தாய் இறக்கும் இந்தக் காட்சி பைபிளில் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஒரு பாதிரியார் எப்படி எழுதினார், எழுதலாமா? யஹ்யாவைப் பற்றி குர்ஆன் சொல்வதும் பைபிள் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன? இந்துப் பிள்ளைகள் இதில் சும்மா இருக்க மாட்டார்கள். கம்பர் வால்மீகியை மாற்றியது போலத்தானே என்று ஒருவன் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பாடம் எடுக்கலாம்.

பாடப்புத்தகத்துக்கு வெளியே போவதென்றால் ஒவ்வொரு மதமாக ‘நிறுவனர், புனித நூல், பண்டிகை’ என்று கட்டம் போட்டு நிரப்பும் முறையை முதலில் விட வேண்டும். இந்து மதத்துக்கு நிறுவனர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று திணறும்போதே தெரிந்துவிடும், கட்டம் யாருக்கோ தைத்த சட்டை என்று. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் மதவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட் வேறு ஒரு வழி சொன்னார். எந்த மதத்திலும் சடங்கு இருக்கிறது, கதை இருக்கிறது, கோட்பாடு, ஒழுக்க விதி, உள்ளுக்குள் நடக்கும் அனுபவம், கூடி வாழும் அமைப்பு, கட்டடமும் பொருளும் இருக்கின்றன. அந்தக் கோணங்களில் பார் என்றார். இங்கிலாந்துப் பள்ளி மதக்கல்வியை இது நிறையவே மாற்றியது. நமக்கு இதை அப்படியே தூக்கி வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்து எல்லா மதத்திலும் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும்.

நோன்பை எடுப்போம். ரமலானில் விடியலுக்கு முன்பிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. நோயாளிக்கும் பயணிக்கும் மாதவிலக்கில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு, விட்ட நாட்களைப் பிறகு ஈடுகட்ட வேண்டும். கத்தோலிக்கத் தவக்காலத்தில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருவேளை மட்டும் முழுதாகச் சாப்பிடும் ஒருசந்தி நாட்கள். அந்தக் கடமை பதினெட்டு வயதில்தான் தொடங்குகிறது என்பதால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் பதினான்கு ஆகிவிட்டால் அந்த நாட்களில் இறைச்சி கூடாது. ஏகாதசிக்குச் சோறு விலக்கு. ஜைன உபவாசத்தில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும், அதுவும் சூரியன் மறைவதற்குள். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் வெறுங்காலுமாக வீதி நிறைய ஐயப்ப சாமிகள், ஆடியில் மஞ்சள் சேலையில் அம்மாக்கள். யார் இருக்க வேண்டும், யாருக்கு விலக்கு, எதற்காக, யாரோடு சேர்ந்து முடிக்கிறார்கள் என்று நான்கே கேள்வி போதும். பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒரே மதத்துக்குள்ளேயே பதில்கள் மாறுவதைப் பார்த்து அவர்களே ஆச்சரியப்படுவார்கள். பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளை ‘எங்களுக்கு தவக்காலம், லெந்து நாள்னு எதுவும் கிடையாது, பாஸ்டர் சொல்ற அன்னிக்கு உபவாச ஜெபம்’ என்று சொல்லும்போது கத்தோலிக்கப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நேரில் கூட்டிப்போய்க் காட்டவும் ஜார்ஜ் டவுனைப் போல் வசதியான இடம் கிடையாது. அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் ஆலயம், அதே தெருவில் செவ்வாய்க்கிழமை எல்லா மதத்தாரும் மெழுகுவத்தியோடு நிற்கும் அந்தோணியார் சந்நிதி, நடந்துபோகும் தூரத்தில் தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள், மண்ணடிப் பள்ளிவாசல்கள், கொஞ்சம் தள்ளி வள்ளலார் பாடிய கந்தகோட்டம், தங்கசாலையில் ஜைனக் கோயில். ராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சி அக்னிக் கோயிலும் இருக்கிறது. பார்சி அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம். வாசலில் நின்று, ஏன் விடமாட்டார்கள் என்று பேசுவதே ஒரு பாடம்தான். ‘சார், நம்ம ஊர்ல சில கோயிலுக்குள்ள எங்க தாத்தாவையும் விடலையாமே, அது இதே மாதிரியா?’ என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். இரண்டும் ஒன்றல்ல என்று விளக்க ஆசிரியர் கொஞ்சம் வேலை செய்துவிட்டுப் போக வேண்டும்.

கூட்டிப்போகும்போது கவனிக்க வேண்டிய சின்ன விஷயம், பிரசாதம். விபூதியையோ பொங்கலையோ நீட்டினால் வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பிள்ளைகள் இருப்பார்கள், முஸ்லிம் வீட்டிலும் பெந்தெகொஸ்தே வீட்டிலும். குருக்கள் பிரியமாகத்தான் நீட்டுவார், பிள்ளை தவித்துப்போகும். முன்கூட்டியே கோயிலில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பூசையில் அப்பம் வாங்கும் நற்கருணை வரிசையில் ஆர்வத்தில் போய் நிற்கும் இந்துப் பிள்ளையையும் முன்பே தடுத்துச் சொல்லிவைக்க வேண்டும். பார்க்க வந்திருக்கிறோம், கும்பிட வரவில்லை. கும்பிடத் தோன்றுகிறவன் கும்பிடட்டும், அது அவன் பாடு.

ஈழத்தில் இதை நேர் எதிராகச் செய்கிறார்கள். அங்கே சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரப் பரீட்சை வரை. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், மற்றக் கிறிஸ்தவருக்குத் தனிப் புத்தகம். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் சமயத்தில் இருக்கும் பிடிமானம் நம் பிள்ளைகளிடம் இல்லை, தேவாரத்தைப் பண்ணோடு பாடுவார்கள், உண்மைதான். ஆனால் அடுத்தவரின் சமயத்தைப் பற்றி அந்தப் புத்தகம் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. இத்தனை ஆண்டு ரத்தம் பார்த்த ஒரு தீவில் அது சின்னக் குறை இல்லை.

சரி, இங்கே ஏன் நடப்பதில்லை? ஒரு காரணம் பயம். 2024 ஆகஸ்டில் தென்சென்னை அரசுப் பள்ளிகளில் ஓர் ஆன்மிகப் பேச்சாளரைக் கூப்பிட்டு மாணவர்களிடம் பேசவைத்தார்கள். உடல் குறைபாடும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்ற தொனியில் அவர் பேச, பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். காணொளி பரவி, தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டு, பேச்சாளர் கைதாகி, பெரிய விவகாரமாகிவிட்டது. அதில் ஆசிரியர்கள் கற்றுக்கொண்ட பாடம், மதம் என்ற சொல்லையே பள்ளிக்குள் எடுக்காதே என்பது. எனக்கு அது தப்பான பாடமாகப் படுகிறது. அன்று அங்கே நடந்தது போதனை. எதிர்த்துக் கேட்டவர் செய்ததுதான் கல்வி. ‘முற்பிறவி வினை என்று சில மதங்கள் நம்புகின்றன, மாற்றுத்திறனாளிகள் அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்’ என்று அதே விஷயத்தை வகுப்பில் எடுத்திருந்தால் யாரும் கைதாகியிருக்க மாட்டார்கள். வெளியாளை மைக் பிடிக்கவைப்பது இந்த வேலைக்கு எப்போதுமே ஆபத்து. மாணவர்களின் பேர் தெரிந்த, நாளைக்கும் அதே வகுப்புக்கு வரப்போகிற ஆசிரியர்தான் இதைச் செய்ய முடியும்.

இன்னொரு காரணம் பயிற்சி. பி.எட். படிப்பில் இதற்கென்று உருப்படியாக எதுவும் இல்லை. தன் மதத்தைப் பற்றி ஆசிரியருக்கே அரைகுறை, மற்றதைப் பற்றி வாட்ஸ்அப் அறிவு என்றால் வகுப்பில் ஒரு தவறான வார்த்தை போதும், சாயங்காலம் பத்துப் பேர் கேட்டில் நிற்பார்கள். அதனால் தெரிந்ததில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். தமிழாசிரியர் தேம்பாவணியில் தொடங்கட்டும், வரலாற்று ஆசிரியர் வள்ளலாரில் தொடங்கட்டும். ‘நாம் நம்புகிறோம்’ என்ற பேச்சு வகுப்பில் வேண்டாம். ‘சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்’, ‘முஸ்லிம்கள் இப்படிச் செய்கிறார்கள்’ என்று பேசினால் பாதிச் சண்டை வராது. ஆசிரியர் எந்த மதம் என்று பிள்ளை கேட்டால் மறைக்க வேண்டியதில்லை, சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் முன்கூட்டியே போக வேண்டும், எளிய தமிழில். என்னென்ன தலைப்புகள் வரும், யாரையும் ஜெபிக்கவோ பாடவோ சொல்ல மாட்டோம், வெளியிலிருந்து யாரும் வந்து பேச மாட்டார்கள், வேண்டாம் என்றால் உங்கள் பிள்ளை நூலகத்தில் இருக்கலாம் என்று. அட்மிஷன் தாளின் கையெழுத்தைவிட இது எவ்வளவோ மேல். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசுவது நடக்காத காரியம், தேம்பாவணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் சீக்கிரம். ஒன்பதாம் வகுப்பு, ஜூலையில் ஆரம்பித்துக் காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். கணக்கு சாரிடம் மட்டும் ஜூன் மாதமே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.